பதினோரு நாள் நாடி

நெஞ்சில் ஜெல் தடவப்பட்டு, கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி ஒருமுறையேனும் படுத்திருந்த என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் அவர்களுக்கு மாடிப்படி இன்னும் வெறும் மாடிப்படிதான். அதனால் பாதிதான் புரியும்.

போன வருடம் என் இதயக் குழாய் ஒன்றுக்குள் பேனா ஸ்பிரிங் போல ஒன்றை வைத்து அடைப்பை நீக்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "உங்களுக்கு முட்டியும் தேஞ்சிருக்கு சார். ரோட்ல நடக்காதீங்க, தண்ணியில நடங்க" என்றார். தண்ணீரின்மேல் நடந்தவரை ஞாயிறுதோறும் பாடித் தொழும் குடும்பத்தில் பிறந்தவன் நான். தண்ணீருக்குள் நடப்பது என் தகுதிக்குச் சரியாக இருக்கும் என்றே பட்டது.

ஆகவே தினமும் காலை ஆறரைக்கு, இரும்புலியூர் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய ஒரு நீச்சல் குளத்தில், இடுப்பளவு நீரில், ஓய்வுபெற்ற நான்கு பேருடன் எருமை நடை நடக்கிறேன். பக்கத்துத் தடத்தில் ஒரு டென்னிஸ் பயிற்சிப் பள்ளியின் பிள்ளைகள். மார்பளவு நீரில் நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு கறுப்புப் பட்டை. விசில் ஊதியதும் நிற்கிறார்கள். இதயம் எவ்வளவு வேகமாக அடித்தது, ஒரு நிமிடத்தில் எவ்வளவு அடங்கியது என்று கரையில் இருக்கும் பயிற்சியாளரின் போனில் எண் விழுகிறது.

"தண்ணியில ஓடுனா முட்டிக்கு அடி விழாது. ஆனா ஹார்ட்டுக்கு முழு வேலை. எவ்ளோ சீக்கிரம் அடங்குதோ, அவ்ளோ நல்ல ஹார்ட்டு" என்று அந்த இளைஞர் பெற்றோர்களுக்கு விளக்குகிறார். பெற்றோர்கள் தலையாட்டிக்கொண்டே படம் எடுக்கிறார்கள்.

இதே வாக்கியத்தை நான் நாற்பத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் கேட்டிருக்கிறேன். சொன்னவர் அதைக் குதிரைகளிடமிருந்து கற்றவர்.

என் துண்டையும் கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு, குளக்கரை பெஞ்சில் என் அக்கா உட்கார்ந்திருப்பாள். அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆபரேஷன் ஆனவனைத் தண்ணீருக்குத் தனியாக அனுப்பக் கூடாது என்று அவளாகவே வர ஆரம்பித்தாள். தண்ணீரில் இறங்கமாட்டாள். இதயம் பலவீனமானவள் இறங்கக் கூடாது என்று பதிமூன்று வயதில் சொல்லிவைத்த பழக்கம்.

அந்தப் பலவீனம் யாருடையது என்பதுதான் விஷயம்.

*

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. பெரியப்பா பள்ளி ஆசிரியர், அப்பா குமாஸ்தா. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெருமை, தாம்பரத்து கிளப் ஒன்றில் அப்பாவுக்கு இருந்த உறுப்பினர் அட்டை. அந்த அட்டையின் புண்ணியத்தில் நானும் அக்காவும் டென்னிஸ் கற்றோம். அவள் கற்றாள். நான் பந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் புத்தகமும் கையுமாக வளர்ந்த பிள்ளை. உட்கார்ந்து உட்கார்ந்து என் உடல் ஒரு நல்ல தலையணையின் குணங்களைப் பெற்றிருந்தது.

கற்றுத் தந்தவரை உறுப்பினர்கள் 'மார்க்கர்' என்று கூப்பிடுவார்கள். ஜோடி கிடைக்காத உறுப்பினரோடு ஆடுவது, செம்மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாம் அவர் வேலை. பிள்ளைகளுக்கு மட்டும் அவர் மாஸ்டர். பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. எண்களைப் படிப்பார், பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்பார், எழுதத்தான் வராது. அவருடைய அப்பா கிண்டியில் பந்தயக் குதிரைகளைப் பராமரித்தவர்.

அந்தக் கோடையில் கோர்ட் தீயாகக் கொதித்தது. இரண்டு பிள்ளைகளுக்கு முட்டி வீங்கியது. ஒரு நாள் மாஸ்டர் எங்கள் எட்டுப் பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்:

"குர்தைக்குக் காலு நொந்துச்சினா இன்னா பண்ணுவாங்க தெரியுமா? தண்ணிக்குள்ள வுட்டு ஓட்டுவாங்க. காலுக்கு நோவு இல்ல, நெஞ்சு மட்டும் கல்லாட்டம் ஆயிடும். நாளைக்கு எல்லாரும் ஏரியாண்ட வந்துடுங்க. வரச்சொல்ல வூட்லேர்ந்து ஆளுக்கு ஒரு தட்டு எத்துகினு வாங்க."

"சாப்பாடு போடுவீங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"உன் கவல உனுக்கு. தட்டு துன்றதுக்கு இல்லடா, அடிக்கிறதுக்கு."

மறுநாள் விடிந்ததும் சைக்கிளில் போனோம். ஏரி நிரம்பும்போது உபரி நீர் வழிந்தோட, கரையில் கல் பாவிய மேடை ஒன்று இருக்கும். கலங்கல் என்போம். கோடையில் அதன் பக்கத்தில் மார்பளவுதான் தண்ணீர், காலுக்கடியில் கெட்டித் தரை. அங்கே நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். பிறகு சோற்றுத் தட்டைத் தண்ணீருக்குள் பிடித்து ஃபோர்ஹேண்ட் அடிக்கச் சொன்னார். எவர்சில்வர் தட்டால் தண்ணீரை அறைந்து பாருங்கள், தண்ணீர் எவ்வளவு பிடிவாதக்காரி என்று தெரியும். பாசி வாசனை, பக்கத்தில் முங்கிக் கிடக்கும் எருமைகளின் பெருமூச்சு, எட்டுத் தட்டுகள் எழுப்பும் மங்கிய மணியோசை. அவ்வழியே போனவர்கள் சைக்கிளை நிறுத்தி, "இன்னா மார்க்கர், கொயந்தைங்கோ சோறு கேட்டு அடம் புடிக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

என் அம்மா தட்டுத் தர மறுத்துவிட்டாள். பெரியம்மாதான் தந்தாள். அவளுடைய கல்யாணச் சீர்த் தட்டு, விளிம்பில் புள்ளி புள்ளியாக அவள் பெயர் வெட்டியது. "தொலைச்சுராத ராசா" என்று சொல்லித்தான் தந்தாள்.

ஓடி முடித்ததும் ஆட்டத்தின் முக்கியக் கட்டம். மாஸ்டர் விசில் ஊதுவார். நாங்கள் கலங்கல் மேல் ஏறி ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஒருவர் மணிக்கட்டை இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் கையில் ஒரு ஸ்டாப் வாட்ச். பதினைந்து வினாடி நாடியை எண்ண வேண்டும். ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும். முதல் எண்ணைவிட இரண்டாவது எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்ல இதயம். இதுவும் குதிரைப் பாடம்தான்.

எனக்கு ஜோடி அக்கா. அவளுக்கு நாற்பத்திரண்டு என்றால் ஒரு நிமிடத்தில் இருபத்தாறுக்கு இறங்கிவிடும். எனக்கு நாற்பத்தேழில் தொடங்கி நாற்பதில் நின்றுவிடும்.

"உனக்கு நெஞ்சுக்குள்ள ரோடு ரோலர் ஓடுதுடா" என்பாள். "ஆஃப் பண்ண சாவி இல்லியா?"

எல்லோருடைய எண்களையும் ஒரு நீள நோட்டில் எழுதும் வேலை எனக்கு வந்தது. காரணம், என் கையெழுத்து. முத்து முத்தாக இருக்கும். மாஸ்டர் நோட்டைத் தூக்கிப் பிடித்து மற்றப் பிள்ளைகளிடம் காட்டுவார். "பாத்தியா, எய்த்து எம்மா நேரா கீது! இப்டி எய்துறவன் பொய் எய்தவே மாட்டான்."

என் எழுத்தைப் பற்றி வந்த முதல் விமர்சனம் அது. அதற்குப் பிறகு வந்த எந்த விமர்சனமும் அவ்வளவு தவறாக இருந்ததில்லை.

*

பெங்களூரில் ஒரு மாதப் பயிற்சி முகாம் நடக்கப்போவதாகச் செய்தி வந்தது. எங்கள் கிளப்பிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பலாம். ஆணோ பெண்ணோ, ஒன்றே ஒன்று. யார் போவது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அக்காவின் பேக்ஹேண்டைப் பார்க்க உறுப்பினர்கள் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பெரியம்மாவின் தட்டு என் கையிலிருந்து நழுவிச் சேற்றுக்குள் போய்விட்டது. விசில் ஊதி, நாடி எண்ணி முடித்ததும் அக்கா, "நீ எழுது, நான் தேடுறேன். வெறுங்கையோட போனா அம்மா அழுவாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கினாள். என் தட்டைத் தேடித்தான் இறங்கினாள். நான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவள் தலை மூழ்குவதையும் எழுவதையும் பார்த்தபடியே எழுதினேன். என் பெயருக்கு நேராக அவள் எண்ணும், அவள் பெயருக்கு நேராக என் எண்ணும் விழுந்துவிட்டன.

இது தவறுதான். இதுவரை சத்தியமாகத் தவறுதான்.

மாஸ்டர் வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். "டேய்! இருவத்தாறா? இன்னாடா இது, நீ குர்தடா!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். முதுகில் அப்படி ஒரு அடி அதுவரை எனக்கு விழுந்ததில்லை. அதாவது, பாராட்டாக. அப்போதுதான் நோட்டைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். பிறகு கொட்டாவி விட்டதுபோல மூடிக்கொண்டேன்.

தட்டு கிடைக்கவில்லை. அக்கா வெறுங்கையோடு, மூக்கில் சேற்றோடு வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை நானாகவே மாற்றி எழுதினேன். அதற்கு மறுநாளும். மொத்தம் பதினோரு நாள். அவள் நாடியை எண்ணுவது நான்தான்; தம்பி எழுதினால் சரியாக இருக்கும் என்று நோட்டை அவள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் நாளைத் தவறு என்று வைத்துக்கொண்டால் மீதிப் பத்து நாளுக்கு என்னிடம் பெயர் இல்லை. இருக்கிறது, எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பெங்களூருக்கு என்னை அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை. திடீரென அடங்க மறுக்கும் ஓர் இதயத்தைப் பார்த்து ஒருவர் பயப்படக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாஸ்டர் பயந்தார். யாரிடமும் சொல்லாமல் அக்காவையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு வாங்குதாம்மா?"

"இல்ல மாஸ்டர்."

"நெஞ்சாண்ட எதுனா வலி?"

"இல்லியே மாஸ்டர்!"

மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பதினோராம் நாள் தானே அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நெடுநேரம் பிடித்திருந்தார். வெயிலில் கறுத்த அந்த முகம் சாம்பல் நிறமானதை நான் பார்த்தேன்.

*

அன்று மாலை நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், நா படிக்காதவன். தப்பாப் பேசுனா மன்ச்சுடுங்க. பொண்ணுக்கு நாடி அடங்க மாட்டேங்குது. இன்னிக்கு நானே புட்ச்சிப் பாத்தேன். ஓடுது, மெதுவாவுது, மறுக்கா ஓடுது. குர்தைக்கு இப்டி இருந்தா எங்கப்பன் ரேஸுக்கு வுட மாட்டாரு. டாக்டராண்ட இட்டுகினு போங்க."

பெரியம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "புள்ள சொல்லாம மறைச்சிருக்காளே!"

"நான் ஒண்ணும் மறைக்கலம்மா! எனக்கு ஒண்ணுமே இல்ல!" என்று அக்கா கத்தினாள்.

பெரியப்பா நோட்டைப் புரட்டினார். "இத யாரு எழுதினது?"

அப்பா என் தோளில் கைபோட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இவன்தான்ணே எழுதறான். இவன் எழுதினா தப்பு வராது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். அம்மாவிடம் திரும்பி, "குடிக்கத் தண்ணி வேணும்" என்று சொன்னேன்.

ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த எங்கள் குடும்ப டாக்டர் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக் கேட்டார். "சின்னதா ஒரு சத்தம் இருக்கு. ரிதமும் ஒரே சீரா இல்ல" என்றார். பெரியப்பா நோட்டை நீட்டினார். டாக்டர் அதைப் பரீட்சைத் தாள்போலப் படித்துவிட்டு மூடினார். "பதினோரு நாள் ரெக்கார்டே இருக்கே. இதுக்கு மேல பொண்ண எதுக்கு அலைக்கழிக்கணும்? விளையாட்டு வேணாம், தண்ணி வேணாம். மாடிப்படி ஏறுறத முடிஞ்ச வரைக்கும் குறைங்க."

அந்த டாக்டர் நல்லவர். மாஸ்டர் நல்லவர். பெரியப்பா, அப்பா எல்லோரும் நல்லவர்கள். அத்தனை நல்லவர்கள் சேர்ந்து ஒரு முழு ஆரோக்கியமான இதயத்தை நோயாளியாக்கினார்கள். ஆதாரம் என் கையெழுத்து.

அக்கா நின்றுவிட்டாள், நோட்டில் அடுத்த நல்ல இதயம் என்னுடையது. நான் பெங்களூருக்குப் போனேன். மூன்றாம் நாள் அங்கிருந்த பயிற்சியாளர் என்னை மைதானத்தை நான்கு சுற்று ஓடவிட்டு நாடி பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். "உன்னை யார் தேர்ந்தெடுத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மீதி நாட்கள் பந்து பொறுக்கினேன். போனவர்களுக்கெல்லாம் ஒரு வெள்ளைத் தொப்பி தந்தார்கள். அதைக் கொண்டுவந்து அக்காவுக்குக் கொடுத்தேன். பரிகாரம் என்று நினைத்தேனா, லஞ்சம் என்று நினைத்தேனா, தெரியவில்லை. விளிம்பு கிழிந்து தொங்கும்வரை அவள் அதைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பலவீனமான பெண் குழந்தையை ஏரியில் இறக்கி ஓடவிட்டதற்காக கிளப்பில் மாஸ்டரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "குதிரை வைத்தியம்" என்று சொல்லிச் சிரித்தார்கள். பிற்பாடு திருமுடிவாக்கம் பக்கம் ஒரு பட்டறையில் அவர் வாட்ச்மேனாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. போயிருந்தால், "இன்னாடா குர்த" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருப்பார். அதற்குப் பயந்துதான் போகவில்லை.

*

எங்கள் சபையில் ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் ஜெபக் குறிப்புகள் வாசிப்பார்கள். பரீட்சை, வேலை, பிரசவம் எல்லாம் வரும். அந்தக் கோடையிலிருந்து ஒரு குறிப்பு நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டது. "இருதய பலவீனத்தோடு இருக்கும் தங்கள் மகளுக்காக ஜெபிக்கும்படி ஒரு குடும்பத்தார் கேட்டுக்கொள்கிறார்கள்." சபையே கண்மூடும். முடிவில் ஆமென் சொல்லும். நானும் சொன்னேன். இத்தனை பேர் இத்தனை உருக்கமாக வேண்டியும் தேவன் ஒன்றும் செய்யாமல் இருந்தது எனக்கு ஒருவனுக்குத்தான் ஆச்சரியமாக இல்லை. அவருக்குச் செய்ய அங்கே வேலையே இருக்கவில்லை.

அக்காவின் ஒவ்வொரு பிறந்தநாள் ஞாயிறன்றும் பெரியம்மா எழுந்து சாட்சி சொல்வாள். "இன்னும் ஒரு வருஷம் என் பிள்ளையைக் கர்த்தர் காப்பாத்தினார்." அப்போதெல்லாம் அக்கா தலை குனிந்து, பாட்டுப் புத்தகத்தின் அட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பாள். சனிக்கிழமைகளில் பெரியம்மா உபவாசம். கர்ப்பமாக இருந்தபோது தான் தண்ணீர்க் குடம் தூக்கியதால்தான் பிள்ளையின் இதயம் இப்படி ஆயிற்று என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அக்கா பௌதிகத்தில் பட்டம் வாங்கினாள். பக்கத்துப் பள்ளியில் வேலையும் கிடைத்தது. ஆனால் ஒன்பது, பத்து வகுப்புகள் இரண்டாவது மாடியில் இருந்தன. மாடி ஏறக் கூடாதவளுக்குத் தரைத்தளத்தில் ஒன்றாம் வகுப்பைத் தந்தார்கள். நியூட்டனின் விதிகளைப் படித்தவள் முப்பத்தோரு வருடம் அணில், ஆடு, இலை சொல்லிக்கொடுத்தாள்.

வரன்கள் வந்தன, போயின. "பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா ஹார்ட்டு..." என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடும். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் என் அலுவலகத்துக்கே வந்தார். "சார், நீங்க தம்பி முறை. மனசுல ஒண்ணும் வச்சுக்காம உண்மையச் சொல்லுங்க. ஹார்ட் எப்படி?" என்று கேட்டார். எனக்கு இருபத்தாறு வயது. சிறுபிள்ளை இல்லை. யாரும் அடிக்கப்போவதில்லை. "இப்ப பரவாயில்ல சார்" என்றேன். கல்யாணப் பேச்சில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அக்கா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அக்காவுக்கு நாற்பது வயதானபோது பள்ளியில் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை நடந்தது. அக்காவின் இதயத்தில் எந்தக் குறையும் இல்லை என்று அறிக்கை வந்தது. பெரியம்மா சபையில் அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். அற்புத சுகம். சபை எழுந்து நின்று பாடியது. பள்ளியில் மட்டும் அணில், ஆடு மாறவில்லை; மேல் வகுப்புகளுக்கு வேறு ஆள் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்த அற்புதத்தோடு பெரியம்மா மூன்று வருடங்களுக்கு முன்னால் நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

எனக்கு ஸ்பிரிங் வைத்த அன்று ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. என்னைப் பார்க்க அக்கா மூன்று மாடி ஏறி வந்தாள். மூச்சு வாங்கவில்லை. பின்னாலேயே வந்த என் மகனுக்கு வாங்கியது. டாக்டரிடம் தனியாகக் கேட்டேன்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு நாடி ஓடி, மெதுவாகி, மறுபடி ஓடுமா டாக்டர்?"

"மூச்சு இழுக்கும்போது வேகமாகும், விடும்போது குறையும். நல்ல ஹார்ட்டோட லட்சணம் சார் அது. நல்லா விளையாடுற பசங்ககிட்ட இன்னும் தெளிவாத் தெரியும்."

"ஸ்டெத்ல சத்தம் கேட்டா?"

"முக்காவாசி பிள்ளைங்களுக்கு அதுவும் ஒண்ணுமில்லாத சத்தம்தான். வளர வளரப் போயிடும். யாருக்கு சார்?"

"சும்மா கேட்டேன்" என்றேன். எனக்குச் சும்மா கேட்பதும் தண்ணீர் கேட்பதும் நன்றாக வரும்.

*

போன மாதம் ஒரு நாள் காலை. பக்கத்துத் தடத்தில் விசில் ஊதியது. போனைப் பார்த்த பயிற்சியாளர் ஒரு சிறுமியைக் கூப்பிட்டார். "நம்பர் இறங்கலியே! பட்டை லூசா இருக்கா பாரு. நல்லா இறுக்கு. திரும்பப் பாக்கலாம்." இறுக்கினாள். திரும்பப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. சிறுமி மறுபடி ஓடப் போனாள். மொத்தம் அரை நிமிடம்.

நான் கரையேறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா பாக்குறாங்கடா. எனக்கும் அப்பவே இப்படி ஒரு பட்டை இருந்திருந்தா, முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பாங்க. பாவம், அம்மா அவ்ளோ பயந்திருக்க வேணாம்."

நாற்பத்து மூன்று வருடம் திறக்காத வாய் அப்போது ஏன் திறந்தது என்று தெரியவில்லை.

"அக்கா, அது என்னோடது."

"எது? துண்டா?"

"அந்த நாப்பது. நோட்டுல உன் பேருக்கு நேரா இருந்தது. அது என் நாடி, அக்கா. உன்னோடது இருபத்தாறு. நான் மாத்தி எழுதிட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள்.

"ஒரு நாளா?"

"பதினோரு நாள்."

மடியில் இருந்த துண்டை மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த துண்டுதான். இன்னும் ஒரு மடிப்பு, இன்னும் ஒரு மடிப்பு என்று புத்தகம் அளவுக்குச் சிறிதாக்கினாள்.

"அப்ப எங்கம்மா சொன்ன சாட்சி?"

கேட்கக்கூடும் என்று நான் எதிர்பார்த்திருந்த கேள்விகள் நிறைய. கல்யாணம், பெங்களூர், மாஸ்டர். எல்லாவற்றுக்கும் இத்தனை வருடத்தில் அரைகுறையாக ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். பெரியம்மாவை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"பெரியம்மா பொய் சொல்லலக்கா..."

"அது எனக்குத் தெரியும்டா."

துண்டை என் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடியையும் வைத்தாள். எழுந்து நான்கடி நடந்தவள் நின்றாள்.

"ஒம்பதாங் கிளாஸ் ரெண்டாவது மாடியில இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போக ஆட்டோ பிடித்து, பாதி வழியில் திரும்பிவிட்டேன். எருமை நடை நடந்தேன். பெஞ்சில் என் துண்டு தனியாகக் கிடந்தது.

நான்காம் நாள் வந்தாள். முழங்கால் வரைக்கும் மூடிய கறுப்பு நீச்சல் உடை, தலையில் ரப்பர் தொப்பி. கடை மடிப்பு இன்னும் கலையாத உடை. என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் ஓடும் ஆழமான பக்கத்துப் படியில் இறங்கினாள். தண்ணீர் மார்பைத் தொட்டதும் ஒரு கணம் நின்றாள். பிறகு நின்ற இடத்திலேயே ஓட ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக. பிறகு முட்டி உயர, கை வீசி, மாஸ்டர் சொல்லிக்கொடுத்த அதே ஓட்டம். என்னோடு நடந்த ஓய்வுபெற்ற நான்கு பேரும் நடப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றாள். தன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள். பழக்கதோஷத்தில் நானும் கையை நீட்டினேன்.

"கைய எடு" என்றாள். "நானே எண்ணிக்கிறேன்."

உதடு அசைய எண்ணினாள். ஒரு நிமிடம் கண்மூடி நின்றாள். மறுபடி எண்ணினாள்.

"டாக்டர் குடுத்த நோட்டு வச்சிருக்கியே, எடு."

கரையேறி, கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். நான் தினமும் என் நாடியை எழுதிவைக்கும் நோட்டு.

"புதுப் பக்கம். என் பேரு எழுது."

எழுதினேன்.

"முப்பத்தொம்பது. இருபத்தாறு."

எழுதினேன். என் கையெழுத்து இப்போதெல்லாம் அவ்வளவு நேராக இல்லை.

"இங்க குடு."

கரைக்கு வந்து, என் கண்ணாடியை வாங்கி ஈர மூக்கில் மாட்டிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டைத் திருத்துவதுபோல விரலை வைத்துப் பார்த்தாள். பெயரிலிருந்து எண்ணுக்கு, எண்ணிலிருந்து பெயருக்கு. இரண்டு முறை பார்த்தாள். நோட்டையும் கண்ணாடியையும் திருப்பித் தந்தாள்.

"இன்னும் பத்து நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போனாள்.